அக்காவிடம் கால் பங்கு

1

இந்தக் கதை ஒரு பலகையைப் பார்த்ததில் பிறந்தது. ஒரு பல்கலைக்கழக வாசலில், புல் முளைத்த காலி இடத்தில் நட்டிருந்தார்கள்: ‘இங்கே புதிய வகுப்பறைக் கட்டடம் வருகிறது. நிதி திரட்டல் இன்று தொடக்கம். பாதி வந்துவிட்டது.’

இன்றுதான் தொடக்கம் என்றால் பாதி எப்போது வந்தது? இப்படி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விசாரித்தேன்.

விஷயம் இதுதான். காலியான ஹோட்டலுக்குள் நுழைய யாரும் தயங்குவார்கள். உள்ளே நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் துணிந்து நுழைவார்கள். அதனால் பாதித் தொகைக்கு உறுதி கிடைக்கும்வரை வெளியே மூச்சு விடமாட்டார்கள். அந்தப் பாதியிலும் பாதியை ஒரே ஆளிடம் கேட்பார்கள். அவர் கொடுத்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள். அவர் கைவிரித்தால் திட்டம் அலமாரிக்குள் போய்விடும்.

அந்த முதல் ஆளிடம் கேட்கப் போகிறவள்தான் நம் கதாநாயகி.

2

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகள்:

‘துணைவேந்தரின் மேசைமேல் கட்டடத்தின் அட்டை மாதிரி...’ (வேண்டாம். மாதிரியை விளக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன்.)

‘மழை...’ (வேண்டவே வேண்டாம்.)

‘திட்டம் போட்டவள் தங்கை, பணம் வைத்திருந்தவள் அக்கா.’

இது இருக்கட்டும். தங்கை, பல்கலைக்கழகத்தில் நிதி திரட்டும் அலுவலர். அக்கா, அங்கேயே இயற்பியல் படித்துவிட்டு இப்போது ஜிப் தொழிற்சாலை நடத்துபவள். முதல் ஆள் யார் என்று கூட்டத்தில் பேச்சு வந்ததும் எல்லாத் தலையும் தங்கை பக்கம் திரும்பியது. ‘சொந்த அக்காவே தரலையாம்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், வேறு எவரும் கதவைத் திறக்கமாட்டார்கள். ஆசிரியர்கள் இப்போதுபோலவே சாப்பாட்டுக் கூடத்தில் பாடம் நடத்தி, தட்டு வரும் நேரம் பார்த்துக் கரும்பலகையை உருட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான்.*

* கரும்பலகைக்குச் சக்கரம் பொருத்தும் முறை பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். வருத்தம்தான்.

3

அக்காவை முதலில் கஞ்சப்பிசினாரியாக எழுதினேன். எனக்கு அது சுலபம், அவளுக்குத்தான் பொருந்தவில்லை. தங்கையின் கல்யாணம், வீடு, பல் எல்லாவற்றுக்கும் கொடுத்தவள் அவள். கொடுத்ததை மறப்பவள் அல்ல, அதுதான் சிக்கல்.

தொழிற்சாலை அலுவலகம். மேசை முழுக்க ஜிப் மாதிரிகள்.

“வா. சும்மா வந்தியா, வேலையா வந்தியா?”

“ரெண்டும்தான்க்கா.”

“அப்ப வேலையாத்தான். எவ்வளவு?”

“இரேன். முதல்ல கட்டடத்தப் பத்திச் சொல்றேன்.”

“பல்லு கட்டுறப்பவும் இப்படித்தான் பல்லப் பத்திப் பாடம் எடுத்த.”

“இது எனக்கில்லக்கா.”

“அதான் பயமா இருக்கு. உனக்குன்னா எவ்வளவுன்னு எனக்கே தெரியும். சரி, யாரு பேரு வைப்பீங்க?”

“நீ தந்தா உன் பேரு.”

“ஐயோ, வேணாம்டி. பரீட்சைக்குப் போற பிள்ளைங்க எல்லாம் என் பேரச் சொல்லித் திட்டும்.”

தங்கை சிரிக்கவில்லை. “மொத்தச் செலவுல கால் பங்கு நீ தரணும்.”

4

(இங்கே ஒரு தொழில் விதி. தொகையைச் சொன்னதும் பணம் கேட்க வந்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மௌனம் தாங்காமல் அவரே பேசினால், ‘முடியலன்னா பாதி போதும்’ என்றுதான் பேசுவார்.)

தங்கை வாயை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் பேச்சு வந்த நாளிலிருந்து அவள் செய்ததிலேயே கடினமான காரியம்.

அக்கா பேனாவை மூடி வைத்தாள். நாற்காலியில் சாய்ந்தாள். அவளும் பேசவில்லை. ஜிப் வாங்க வருபவர்களிடம் விலையைச் சொல்லிவிட்டு அவள் உட்காருவதும் இப்படித்தான் என்பது தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு முடிவு: ‘சரி, எடுத்துக்கோ’ என்கிறாள் அக்கா. (இவ்வளவு சுலபமாகக் கட்டடம் எழும்பினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

இன்னொன்று: ‘முடியலன்னா...’ என்று தங்கை (இதை எழுதும்போதே அவள் என்னை முறைத்தாள். வரியை அடித்துவிட்டேன்.)

5

இருவரும் இன்னும் அப்படியேதான் இருக்கிறார்கள். தங்கைக்கு வந்த டீயில் ஆடை படிந்துவிட்டது. அக்கா ஒரு ஜிப்பை எடுத்துத் திறக்கிறாள், மூடுகிறாள். அவள் உதட்டோரம் லேசாகத் துடிக்கிறது. சிரிக்கப் போகிறாளா, மறுக்கப் போகிறாளா என்பது இத்தனை பக்கத்தில் நிற்கும் எனக்கே பிடிபடவில்லை. தங்கை செருப்புக்குள் கால்விரல்களை மடக்கிப் பிடித்திருக்கிறாள்.

அடுத்த வார்த்தையை நீங்களே சொல்லிவிடுங்கள், யார் வாயிலிருந்து என்பதையும் சேர்த்து. என்னை நம்பாதீர்கள். நான் வாயைத் திறந்தால், முதல் காரியமாகத் தொகையைக் குறைத்துவிடுவேன்.