கடைக்குட்டியின் அம்பு

அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, தேநீரை ஒரு வாய் குடித்த பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பூமியின் காந்தப்புலம் சூரியனுக்கு மறுபுறம் வால்போல நீண்டிருக்கும்; அந்தக் காந்த வாலுக்குள் நான்கு விண்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கின்றன. அங்கே மின்னேறிய துகள்களாலான பிளாஸ்மா காற்றாக வீசும். எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒவ்வொரு கலமும் ஓர் அம்புக்குறியோடு சுருக்கப் படம் அனுப்பும். முழு விவரம் கலத்தின் நினைவகத்திலேயே கிடக்கும். எதை வைப்பது, எதை அழிப்பது என்று தீர்மானிப்பது அவள் வேலை. காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது. கடைசிப் பதிவில் நான்கு அம்பும் பூமியைப் பார்த்திருந்தன. தினம் வருகிறதுதானே என்று அழிக்கிற பட்டியலில் தள்ளிவிட்டாள்.

ஆனால் கடைக்குட்டி என்று அவர்கள் கூப்பிடும் நான்காவது கலத்தின் கருவி, துகள் போகிற திசையைச் சொல்லாது. வந்த திசையைத்தான் சொல்லும். கடைக்குட்டி சொன்னால் தலைகீழாக எடுத்துக்கொள் என்பது அந்த அறையில் பாலபாடம். அதைத்தான் மகராசி கோட்டை விட்டாள்.

அப்படியென்றால் மூன்று அம்பு பூமிப் பக்கம், ஒன்று எதிர்ப்பக்கம். காந்தக் கோடுகள் அறுந்து பிளாஸ்மாவை இருபுறமும் வீசியடிக்கும் இடம் கலங்களுக்கு நடுவிலேயே இருந்திருக்கிறது! அவள் இத்தனை வருடமாகத் தேடியது அதைத்தான்.

கலங்களுக்கு உத்தரவை ஏற்றி அனுப்பும் ஆண்டெனாவை இயக்குவது அவளுடைய அண்ணி. போனை எடுத்தாள்.

"அண்ணி, அழிக்கிற உத்தரவு போயிடுச்சா?"

"ஒவ்வொண்ணா போயிட்டிருக்கு. ரெண்டு கலம் முடிஞ்சுது. ஏன் குரல் நடுங்குது?"

"நிறுத்துங்க! தப்பு பண்ணிட்டேன்."

"இதென்ன சைக்கிளா, பிரேக் பிடிக்க? ரத்து உத்தரவை எழுதி அனுப்பு, ஏத்துறேன்."

இரண்டு முறை எழுத்துப் பிசகியது.

"மூணாவதும் போச்சு," என்றாள் அண்ணி.

அவள் மறுபடி எழுதினாள். இந்த முறை கணினி ஏற்றுக்கொண்டது.

"ஏத்திட்டேன். பதில் வரட்டும்."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது.

"வந்துடுச்சு." அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. "மூணும் துடைச்சுப் போச்சும்மா. கடைசி ஒண்ணுதான் தப்பிச்சுது."

அவள் போனைப் பிடித்தபடியே விம்மி அழுதாள். தினம் வீசும் பக்கமே காட்டிய அந்த மூன்றுக்கும் சுருக்கப் படமே போதும் சாட்சிக்கு. எதிர்த்திசைக் காற்றை முழுசாகப் பிடித்து வைத்திருப்பது கடைக்குட்டி ஒன்றுதான்.

"அழாதே. வேற ஒருநாள் கிடைக்காமலா போயிடும்?"

"வேற நாள் எதுக்கு அண்ணி? கிடைச்சாச்சு."