ஒரு வாக்கியம் குறைவு

கோல்மன் டியர்னி தொப்பியிலிருந்த மழையை வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே வந்தார். எண்பத்தைந்து வயது. கோட்டுக்குள்ளிருந்து காகிதக் கோப்பு ஒன்றை எடுத்து, நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"குரலை வச்சுத்தான் நீன்னு கண்டுபிடிச்சேன், அட்ராக்டா."

"என் முகத்தை நீங்க எப்பப் பாத்தீங்க? நாலு வருஷமும் டெலிபோன்லதானே!"

உண்மைதான். அயர்லாந்தின் ஸ்லைகோவில் ஒரு வாரப் பத்திரிகை. புதன்கிழமை நாலு மணிக்கு ஏதாவது ஒரு சாலையோரத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து கோல்மன் தன் கட்டுரையைச் சொல்லுவார்; நான் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்வேன். நிலச்சண்டை, பழைய பஞ்சம், தேர்தல், பாதிரியார்களின் அரசியல், எல்லாம் கமாவும் புள்ளியுமாக என் காதில்தான் முதலில் விழும். நடுநடுவே, "லைன்ல இருக்கியா?" என்பார். ஒருமுறை, "போடா நாயே, காலை விடு" என்று கூண்டுக்கு வெளியே கத்தியதையும் சேர்த்து அடித்துவிட்டேன். ஆசிரியர் அம்புரோஸ் அதையும் அப்படியே அச்சிட்டார். கோல்மன் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட அவர் வெட்டியதில்லை. இன்றைக்கும் எந்தக் கட்டுரையையும் என்னால் மௌனமாகப் படிக்க முடியாது. யாரோ காதில் சொல்வதுபோலத்தான் கேட்கும்.

தேநீர் ஊற்றினேன். பழுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தந்தேன். அவர் கோப்பிலிருந்து மஞ்சளேறிய ஒரு பத்திரிகை நறுக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"பழைய கட்டுரையெல்லாம் டப்ளின்ல புத்தகமாப் போடறாங்க. இதுல மட்டும் ஒரு வாக்கியம் குறையுது. என் நோட்டுல இருக்கு."

எனக்கு நோட்டு தேவையில்லை. எழுபத்து மூன்றாம் வருஷம். உள்நாட்டுப் போரில், டிரம்ராத் கிராமத்து வைக்கோல் கொட்டகையில் மூன்று இளைஞர்களைப் படைவீரர்கள் சுட்டுக் கொன்று ஐம்பது ஆண்டு ஆனதையொட்டி எழுதியது. காட்டிக்கொடுத்தது யார் என்று எங்கள் ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை. கோல்மன் வேறு மாவட்டத்துக்காரர். 'அன்று காலை ராணுவ முகாமுக்குச் சைக்கிளில் போனவன், கமா, பத்தொன்பது வயது மார்ட்டின் ஃபீனி, புள்ளி.' என் விரல்கள் நின்றுவிட்டன.

"அடிச்சிட்டியா?" என்று கேட்டார்.

"அடிச்சிட்டேன். மேல சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை அப்பா பூதக்கண்ணாடியோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து, எப்போதும்போல கோல்மனின் பத்தியிலிருந்துதான் தொடங்கினார். நான் அடுப்பைப் பார்த்து நின்றேன். முடித்ததும் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "நல்லா எழுதறான் இந்தாளு," என்று சொல்லிவிட்டு மாடுகளைப் பார்க்கப் போனார்.

"புத்தகத்துல அதைத் திரும்பச் சேக்கப்போறேன்," என்றார் கோல்மன். "முன்னுரையில அம்புரோஸையும் விடப்போறதில்ல. பயந்தாங்கொள்ளி."

"அம்புரோஸ் என்ன பண்ணார்?"

"அவன்தானே வெட்டினான்! மறுநாளே போன் பண்ணிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், 'ஆமா, நான்தான் வெட்டினேன். இஷ்டமிருந்தா எழுது, இல்லன்னா போ'ன்னான். போயிட்டேன். அவன் சாவுக்குக்கூட வரல."

அவர்கள் ஏதோ அரசியலில் முறைத்துக்கொண்டார்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அம்புரோஸின் சவப்பெட்டிக்கு முன் குடும்பத்தாரிடம் கைகுலுக்க நின்ற வரிசை பாலம்வரை நீண்டிருந்தது. அவரோடு பேச்சை நிறுத்தியவர்களும் வந்து கைகொடுத்தார்கள். அவர் மனைவி பெர்னி என் கையை விடாமல், "கோல்மன் வரலையா?" என்று கேட்டாள். சாலையில் பனியாக இருக்கும் என்றேன்.

"கோல்மன், அப்ப என் குடும்பப் பேர் என்னன்னு நீங்க கேட்டதே இல்லையே."

"லோஃப்டஸ்தானே? கடுதாசியில போட்டேனே."

"அது கல்யாணத்துக்கப்புறம். அதுக்கு முன்னாடி அட்ராக்டா ஃபீனி."

கோப்பையை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே இறக்கினார்.

"மார்ட்டின்..."

"எங்கப்பா. அந்த வாரம் உயிரோட இருந்தார்."

"அம்புரோஸுக்குத் தெரியுமா?"

"அவர் இந்த ஊர்லயே பொறந்தவராச்சே."

கோல்மன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் தெரிந்தன. திரும்பியபோது நறுக்கை எடுத்துக் கோப்புக்குள் செருகினார். "வேண்டாம். முன்னுரையும் வேண்டாம், அந்த வாக்கியமும் வேண்டாம். இருந்தபடியே இருக்கட்டும்."

எவ்வளவு சுலபம்! அப்பா சைக்கிளோடு மறைந்துவிடுவார். அவரோடு சேர்ந்து, செய்யாததைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அம்புரோஸும்.

"பேனா இருக்கா?"

"எதுக்கு?"

"இன்னிக்கு நான் சொல்றேன். நீங்க எழுதுங்க."

கோப்பின் பின்பக்கத்தைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

"அம்புரோஸ் ரஷ் எதையும் வெட்டவில்லை, புள்ளி. மார்ட்டின் ஃபீனியின் பெயரை அச்சுக்குப் போகாமல் தடுத்தவள்..."

பாத்திரத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் தலை நிமிரவில்லை. பேனா முனை தாளுக்கு ஒரு நூல் மேலே நின்றது.

"லைன்ல இருக்கியா, அட்ராக்டா?"

"இருக்கேன்," என்றேன். "கமா."