எண்பத்தேழரை ஸ்டேஷன்

செல்லசாமியின் மாருதி எண்ணூறுக்கு வயசு இருபத்துநாலு. ஸ்டியரிங்கின் நடுவில் எவ்வளவு அமுக்கினாலும் ஹாரன் வாய் திறக்காது. இடது ஓரத்தில் கட்டைவிரலால் குத்தினால்தான் கத்தும். ரேடியோவின் சுவிட்ச் செத்து வருஷங்களாயிற்று. சாவியைத் திருப்பினால் வண்டியோடு அதுவும் எழும்பும், வண்டியோடுதான் படுக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் ஒரு திருகு மிச்சம் இருக்கிறது. கேசட் போடும் வாயில் போன மழைக்கு எறும்பு குடியேறியது. இந்த வண்டியில் போனில் இருக்கும் பாட்டைக் கேட்டே தீருவேன் என்று அடம்பிடித்தவள் மகள் பிரசீதா. பாறசாலையில் ஒரு மொபைல் கடையிலிருந்து பெருவிரல் பருமனில் ஒரு சாமானை வாங்கி வந்து, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினாள்.

"போன் பாடினா இது வாங்கி ரேடியோவுக்குக் குடுக்கும். ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் ஆக்கும் அப்பா. ரேடியோவ எண்பத்தேழரையில வச்சா மதி."

குட்டி ஸ்டேஷன் நன்றாகத்தான் பாடியது. என்ன, துளை தளர்ந்துபோனதால் வண்டி குழியில் குதிக்கும்போதெல்லாம் கழன்று காலடியில் விழுந்துவிடும். விழுந்தால் ரேடியோ அதே எண்பத்தேழரையில் நின்றபடி 'உஸ்' என்று இரைந்துகொண்டிருக்கும். வாழைக்குலை வியாபாரத்துக்காகத் தோட்டம் தோட்டமாக அலைகிற செல்லசாமிக்கு அந்த இரைச்சலும் பழகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் காட்டாக்கடையிலிருந்து தீபு பெண் பார்க்க வந்திருந்தான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறவன். கூட வந்தது தாய்மாமன் வேலாயுதன். அம்மா விஜயம்மாவுக்கு முழங்கால் வீக்கம். காலையிலேயே செல்லசாமியைப் போனில் கூப்பிட்டு, "நான் வரல்ல. எனக்க மோன் வருவான். அவனுக்க கண்ணு எனக்க கண்ணாக்கும்" என்று சொல்லியிருந்தாள். கனத்த குரல். ஒரு தடவை கேட்டால் காதை விட்டுப் போகாது.

வந்தவர்கள் ஏத்தங்காய் வற்றல் தின்றார்கள், சாயா குடித்தார்கள், சிரித்தார்கள். செல்லசாமியும் சிரித்தார். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு கல் உருண்டுகொண்டே இருந்தது. பிரசீதாவுக்குப் பத்தொன்பது வயசில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. நாலு வருஷம் மாத்திரை. டாக்டரே மாத்திரையை நிறுத்தி இப்போது நாலு வருஷம் ஆகிறது, ஒரு தும்மல்கூட இல்லை. இதை முன்கூட்டியே சொன்னதால் இரண்டு சம்பந்தம் கைவிட்டுப் போனது. கள்ளிக்காட்டுக்காரர்கள் "விளிச்சுச் சொல்லுகோம்" என்று போனவர்கள்தான், இன்றுவரை கூப்பிடவில்லை.

"இந்தத் தடவ உறுதி பண்ணின பெறவு சொன்னா மதி" என்று மனைவி பிந்து முந்தின நாளே தீர்ப்பு எழுதிவிட்டாள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் நடத்தலாம்ணு உண்டு. நாம பொய்யா சொல்லுகோம்? சொல்லாம இருக்கோம், அம்புட்டுதான்."

"அப்ப சொல்லாண்டாமா அப்பா?" என்று பிரசீதா கேட்டாள். செல்லசாமி கைகழுவப் போய்விட்டார். ஆம்பிளைகளுக்குக் கைகழுவப் போக எப்போதும் ஒரு இடம் உண்டு.

பெண்ணும் பையனும் பின்வாசலில் பத்து நிமிஷம் பேசினார்கள். திரும்பி வந்த இரண்டு முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கிளம்பும்போதுதான் பிந்துவுக்கு ஞாபகம் வந்தது, குடிவெள்ளப் பைப் போடுவதற்காக மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். "பெருங்கடவிளை வரைக்கும் முன்னால போய் வழி காட்டிட்டு வாங்க" என்று கணவனை அனுப்பினாள். மாருதிக்குள் எட்டிப் பார்த்த தீபு சிரித்தான்.

"இங்கயும் இதே சாமானா அங்கிள்? எங்க அப்பாவுக்க பழைய ஜென் வண்டியில நானும் இதாக்கும் வச்சிருக்கேன். பழைய வண்டிக்காரங்களுக்கு வேற என்ன கதி?"

செல்லசாமி முன்னால் போனார், ஜென் பின்னால் வந்தது. ரப்பர் தோட்டத்து முதல் குழியிலேயே குட்டி ஸ்டேஷன் கழன்று காலடியில் விழுந்தது. ரேடியோ இரைந்தது. எடுத்துச் செருகும் மனநிலையில் அவர் இல்லை. வளைவில் அவர் வேகத்தைக் குறைத்தபோது ஜென் நெருங்கி வந்தது. இரைச்சல் சட்டென்று அடங்கியது.

"...அவளே சொன்னாளா?"

ஒரு பெண் குரல். ரேடியோ நாடகம் என்றுதான் நினைத்தார். கொஞ்சம் அமைதி. பிறகு மறுபடி:

"நீ கேக்காமலா? ம்... பத்தொம்பது வயசிலா? ரெண்டு தடவயாக்கும், இல்லியா?"

காலையில் போனில் கேட்ட அதே குரல். கண்ணாடியில் பார்த்தார். பின்னால் தீபுவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவன் சொல்வது ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. கேட்காதுதான். போனில் வருகிற சத்தத்தை மட்டும்தானே அந்தச் சாமான் ரேடியோவுக்குக் கொடுக்கும்? அவனுடைய குட்டி ஸ்டேஷனும் எண்பத்தேழரை. அங்கே விஜயம்மா பேசினால் இங்கேயும் பேசுகிறாள். தீபு சொல்லும் பதில் அந்த வண்டிக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

பாவிமகள் சொல்லிவிட்டாள்! அப்பனும் அம்மையும் கூடி மூடிவைத்ததைப் பின்வாசலில் நின்று பத்து நிமிஷத்தில் திறந்து வைத்துவிட்டாள். கோபம் வந்தது, கூடவே ஒரு பெருமையும் வந்தது. இரண்டையும் தள்ளிவிட்டுப் பயம் முன்னால் வந்து உட்கார்ந்தது. பையன் என்ன பதில் சொல்கிறான்?

"குளிகை நிறுத்தி எத்தர வருசம்? நாலா? செரி. அவளுக்க அப்பன்..."

உஸ்ஸ்ஸ். ஜென் பின்தங்கிவிட்டது.

அவளுக்க அப்பன் என்ன? செல்லசாமி பிரேக்கை மிதித்தார். பின்னால் வருகிறவன் மரியாதை தெரிந்தவன், அவனும் மிதித்தான். இவர் ஊர்ந்தால் அவனும் ஊர்ந்தான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "வா, வா, பக்கத்தில் வா" என்று விசிறினார். முந்திப் போகச் சொல்கிறார் என்று நினைத்துத் தீபு ஒதுங்கி வர, எதிரே ஒரு ஆட்டோக்காரன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். ஆனாலும் காரியம் நடந்தது. ஜென் இருபதடிக்குள் வந்துவிட்டது.

"...வாயத் திறக்கவே இல்லியா? அம்மைக்காரியும் இல்லியா? அம்புட்டு நேரம் இருந்து சாயா குடிச்சிய, ஒரு வார்த்த இல்லியா?"

செல்லசாமியின் காது மடல் சுட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த சங்கதி இப்போது அவர் வண்டியிலேயே அவருக்கு வாசிக்கப்படுகிறது. பெருங்கடவிளைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. திரும்பினால் ஐந்து நிமிஷத்தில் சந்திப்பு, டாட்டா காட்டிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். மீதியைக் கேட்காமல் அவரால் வீட்டுக்குப் போக முடியுமா? போனால்தான் உறங்க முடியுமா? கை தானாக இடப்பக்கம் ஒடித்தது. மாருதி சானல்கரை ரோட்டில் ஏறியது. அது வாய்க்கால் ஓரமாக ஊரைச் சுற்றி வருகிற வழி. மாடு மேய்க்கிறவர்கள்கூட அவசரம் என்றால் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

ஜென்னும் பின்னாலேயே ஏறியது.

"என்னது, சானல்கரையிலயா? அது எதுக்கு?" என்றாள் விஜயம்மா. "அந்த மனுசனுக்கு சொந்த ஊரில வழி தெரியாதா?"

வாய்க்காலில் தண்ணீர் இல்லை, இருந்தால் செல்லசாமி வண்டியை அதில் இறக்கியிருப்பார்.

"கேளு மக்கா" என்று குரல் தணிந்து வந்தது. "சொகக்கேடு எனக்கு ஒரு விஷயமே இல்ல. எனக்க அக்காளுக்கு இல்லாததா? நாலு பிள்ள பெத்து நல்லாத்தானே இருக்கா. எனக்க பயம் வேற ஒண்ணாக்கும். இண்ணைக்கு இத ஒளிச்சவன் நாள எத ஒளிப்பான்? பிள்ளைக்கு இருக்கிய நேர்மை அப்பனுக்கு இல்லேண்ணா, அந்த வீட்டில நாளைக்கு நாம எதக் கேட்டு எத நம்ப?" தீபு ஏதோ சொன்னான் போலிருக்கிறது, அவள் நிறுத்தினாள். "இல்ல, நீ கேக்காத. கேட்டு வாங்கினா அதுக்கு வெல இல்ல. சந்திப்பு வரைக்கும் கூட வாறாருல்லா, பாப்போம். பிரியதுக்கு முந்தி யாரும் கேக்காம அவராட்டு ரெண்டு வார்த்த சொன்னா எனக்கு சம்மதம். சொல்லல்லேண்ணா விட்டிருவோம் மக்கா. நீ வருத்தப்படாத."

வருத்தப்படாதே என்றாள். அப்படியென்றால் அவனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது! செல்லசாமியின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளி, அடுத்த நொடியே பாறாங்கல்லாய் விழுந்தது. பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும் முன்பே கேள்வித்தாள் கையில் கிடைத்துவிட்டது. இனி என்ன? வண்டியை நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, யோக்கியன்போல் போய் நின்று ஒப்பிக்க வேண்டியதுதான். யாருக்குத் தெரியப்போகிறது?

இதைக் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா என்று அவர் தன்னையே கேட்டுப் பார்த்தார். சந்திப்பில் கும்பிடு போட்டுவிட்டு வீடு பார்க்கப் போயிருப்பார். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொல்லாவிட்டால் மகளுடைய வாழ்க்கை போகும். சொன்னாலோ, ஒளித்ததற்கு மேல் இன்னொரு ஒளிப்பு. சானல்கரை முடிந்து பாலம் தெரிந்தது. பாலம் தாண்டினால் சந்திப்பு.

பாலத்துக்கு இப்பால் ஓரங்கட்டினார். சாவியைத் திருப்பவில்லை, கதவைத் திறக்கவும் இல்லை. பத்தடி பின்னால் நிறுத்திவிட்டுத் தீபுவே இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தான்.

"என்ன அங்கிள், வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்ல தம்பி. ஒரு காரியம்... பிரசீதாவுக்கு... பண்டு ஒரு..."

"எலே தீபு" என்றது ரேடியோ. "எங்க போன? வண்டி நிண்ணு போச்சா? வேலாயுதா, அவன் எங்கலே?"

விஜயம்மாவின் குரல் மாருதி முழுக்க நிறைந்தது. செல்லசாமி கையால் திருகைத் தேடினார், கிடைக்கவில்லை. தீபு ரேடியோவைப் பார்த்தான். காலடியில் கிடந்த குட்டி ஸ்டேஷனைப் பார்த்தான். திரும்பித் தன் வண்டியைப் பார்த்தான். எலக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சுற்றிவந்த சானல்கரையும் நீட்டி விசிறிய கையும் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. தீர்ந்தது என்று செல்லசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

தீபு ஜன்னல் வழியே கையை விட்டுத் திருகைக் கடைசி வரை குறைத்தான்.

"சொல்லுங்க மாமா. என்னமோ சொல்ல வந்திய."

மாமா! இத்தனை நேரமும் அங்கிள். செல்லசாமி சொன்னார். பத்தொன்பது வயசில் வந்ததைச் சொன்னார், மாத்திரையைச் சொன்னார், டாக்டர் பேரைச் சொன்னார், கள்ளிக்காட்டுக்காரர்களைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

"தம்பி, இதுவும் கேட்டுக்கோ. உங்க அம்மா பேசினத முச்சூடும் கேட்டாக்கும் நான் இதச் சொல்லுகேன். கேட்டிருக்கல்லேண்ணா சொல்லியிருக்க மாட்டேன். எனக்க பிள்ளைக்கு இருக்கிய தைரியம் எனக்கு இல்லாமப் போச்சு. அவள இதுக்காக வேண்டாம்ணு வச்சிராத."

தீபு குனிந்து, குறைத்த திருகைப் பழையபடி கூட்டி வைத்துவிட்டு, தன் வண்டிக்கு நடந்துபோய் உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

செல்லசாமி கண்ணாடியில் அவன் வாய் அசைவதையே பார்த்திருந்தார்.

"என்ன சொன்னாரு?" என்றது ரேடியோ. அமைதி. "எல்லாமா?" அமைதி. "அவராட்டா, நீ கேட்டியா?"

இந்த அமைதி நீண்டது. வேலாயுதன் தலையில் கைவைப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"ரேடியோவிலயா!" என்று விஜயம்மா கூவினாள். "நான் சொன்னது முச்சூடுமா? அதயும் அவரே சொன்னாரா?" மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "அப்ப இப்பவும் கேட்டிட்டா இருக்காரு?"

செல்லசாமி வேறு ஆளில்லாத வண்டிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓய், பிரசீதாவுக்க அப்பா" என்று குரல் நேராக அவரைக் கூப்பிட்டது. "கேக்குதாண்ணா ஹாரன் அடியுங்க."

பதறி ஸ்டியரிங்கின் நடுவில் அமுக்கினார். சத்தம் இல்லை. இரண்டு கையாலும் அமுக்கினார்.

"ஒண்ணும் கேக்கல்லியே மக்கா" என்றாள் அவள். "போயிட்டாரா?"

ஐயோ, இடது ஓரம்! கட்டைவிரலால் குத்தினார். மாருதி வாய்க்கால் அதிரக் கத்தியது.

"ம். அப்ப கேட்டுக்கிடுங்க. ஒளிச்சது தப்பு. ஒளிச்சதயும் சொன்னீரு பாத்தியளா, அதுக்காக்கும் நான் இப்ப பேசுகேன். ஓணம் கழிஞ்சு ஒரு நாள் பாப்போம். சம்மதம்ணா இன்னொரு தடவ அடியுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பெறவு ஒரு காரியம். எனக்க மோனுக்கு இனி நீங்க வழி காட்டாண்டாம்."

செல்லசாமி ஹாரனைக் குத்தினார். குத்திய விரலை எடுக்கவே இல்லை.