காப்புக்கு வைத்த ஆவாரை

கோகிலாவின் அண்ணன் காளியண்ணன் மூன்று முறை வெட்டினான். மூன்று முறையும் ஆவாரை தழைத்தது. நாலாவது முறை வெட்டுவதற்குள், அவனை மாப்பிள்ளையாகப் பேசியிருந்த பெண் வீட்டார் வீடு பார்க்க வந்துவிட்டார்கள்.

மலைமேல் குளிரும் சாரலுமான வாழவந்தி நாட்டில் ஆவாரை தானாக முளைக்காது. அடிவாரத்துக் கரட்டில் வெயிலைக் குடித்து வளர்வது அது. காளியண்ணனுக்கு வாக்கப்பட்டு மலையேறியபோது பாப்பாத்தி விதையை முந்தானையில் முடிந்துவந்து கிணற்றோரம் ஊன்றினாள். தைக்கு முதல் நாள் கூரையில் காப்புக் கட்ட, வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூ வேண்டும் என்பாள். அவள் இருந்த மூன்று வருசமும் செடி மொட்டுகூட விடவில்லை. அவள் அந்தக் கிணற்றில் மிதந்த பிறகு பூத்தது.

வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். முதுகிலிருந்த பெல்ட்டுத் தழும்பும் வழுக்கி வந்ததுதானா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க அவளுக்குப் பிறந்த வீடு கிடையாது. கோகிலாவும் கேட்கவில்லை.

"என்னையும் நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போயிரு அம்முணி" என்று பாப்பாத்தி கெஞ்சியபோது, "பரீட்சை முடியட்டும் அண்ணி" என்றவள் அங்கே காலேஜில் படித்துக்கொண்டிருந்த கோகிலாதான். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. முதல் வகுப்பு.

இப்போதெல்லாம் பட்டப்பகலில் கிணற்றடியில் ஈரச்சேலை உதறும் சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்ப்பாள். செடி மட்டும் ஆடும். காற்றிருக்காது.

பெண்ணின் அம்மா பழனாயி கை கழுவ வந்தாள். கோகிலா தண்ணீர் ஊற்றினாள்.

"மலை மேல ஆவாரையா? ஆரு அம்முணி வெச்சது?"

"காக்கா கொண்டாந்து போட்டிருக்குமுங்க" என்றாள் பின்னாலேயே வந்த கோகிலாவின் அம்மா கண்ணாயி.

"எங்கூரு காக்கா ஆவாரங்காய் திங்காதுங்க. உங்கூரு காக்கா சுத்தியும் கல்லு வேற அடுக்கியிருக்குது" என்று சிரித்தாள் பழனாயி.

காளியண்ணன் அரிவாளோடு வந்தான். "எடஞ்சலுங்க. வெட்டிப்போடறேன்."

கோகிலா செடிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எங்க அண்ணி வெச்சதுங்க. இவனோட மொதப் பொண்டாட்டி. உங்ககிட்டச் சொல்லாம மறைச்சுட்டாங்க. இவன் அடி தாங்காம இதே கெணத்துல உழுந்து செத்தா."

பழனாயியின் பார்வை கிணற்றில் இறங்கி, காளியண்ணனின் இடுப்பு பெல்ட்டில் ஏறி நின்றது. கையைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு நடந்தாள். "வேனை எடுக்கச் சொல்லுங்க."

"கூடப் பொறந்தவன் குடியைக் கெடுத்துட்டியேடி" என்றாள் கண்ணாயி.

"அவன் கெடுத்த குடிக்கு இன்னொரு பொண்ணு வேணுமாக்கும்."

இனி அந்த வீட்டில் இருக்க முடியாது. காய்ந்த நெற்று ஒன்றைப் பறித்துத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு கோகிலா கிளம்பினாள். பின்னால் சேலை உதறும் சத்தம். திரும்பவில்லை.

செம்மேட்டில் பஸ் ஏறியதும் கண்டக்டர் வந்தார்.

"எங்கீங்க?"

"நாமக்கல். ரெண்டு."

பக்கத்துக் காலி சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் இரண்டு டிக்கெட் கிழித்தார்.