பல் போட்டுப் பிடித்த இடம்

எங்கள் நகரத்துக்கு அறிவு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அது மனிதர்களிடம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு சிரமம். இப்போது தெருவிளக்கு ஆள் வருவதைப் பார்த்து எரிகிறது. தெருமுனைக் குப்பைத்தொட்டி ஒருநாள் நான் போட்ட பழத்தோலைத் திருப்பித் துப்பிவிட்டு, "பக்கத்துத் தொட்டியில் போடவும்" என்றது. நான் மறுபேச்சுப் பேசவில்லை. பெண்டாட்டியிடம் பழகியவனுக்குக் குப்பைத்தொட்டியிடம் பணிந்துபோவதா பெரிய காரியம்? இந்த இயந்திரங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்திகள் மாதிரி. ஒன்றின் காதில் விழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

பெரிய அருங்காட்சியகத்தைப் புதுப்பித்துத் திறந்த வாரம், நானும் மச்சானும் கிளம்பினோம். மச்சான் என் மனைவியின் தம்பி. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றும் நாலு பேர் கூடி நிற்கிற இடத்தைப் பார்த்தால், "உள்ள போ, உள்ள போ" என்பான்.

வாசலில் என் மனைவி நிறுத்தினாள். என் வாயில் இருந்தது புதுப் பல் செட்டு. பல் டாக்டரான எங்கள் மருமகன் செய்து கொடுத்தது. பழைய செட்டு, நான் ஓடும் பேருந்தின் ஜன்னலோரம் தும்மியபோது ஊரைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டது.

"இதையும் தொலைச்சிட்டு வந்தீங்கன்னா, சாகுற வரைக்கும் உங்களுக்கு எல்லாமே கரைச்சுத்தான். டம்ளர்லதான் சாப்பாடு."

அவள் சொன்ன சொல் தவறாதவள். தன் தங்கையோடு பேசமாட்டேன் என்று என்றைக்கோ சொன்னாள். இன்றும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து என் வழியாகத்தான் சண்டை போடுகிறார்கள்.

அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிடையாது. வாசலில் முகத்தைக் காட்டினால் கதவு பதிந்துகொண்டு உள்ளே விடும். திரும்பிப் போகும்போதும் அதே முகத்தைக் காட்டவேண்டும். வேறு முகம் யாரிடம் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே நுழைந்தேன். அந்தச் சிரிப்போடுதான் பதிந்தது.

திமிங்கல எலும்புக்கூடு தொங்கும் கூடத்தில் கூட்டம் நெரிந்தது. உட்கார ஒரே ஒரு பெஞ்சு. அதைப் பிடித்தோம். பிடித்தவுடன் மச்சானுக்கு முட்டிக்கொண்டு வந்தது. அவன் சொன்னதும் எனக்கும் வந்தது.

"எடத்துக்குக் கைக்குட்டையப் போடுங்க அத்தான்," என்றான் மச்சான்.

எங்கள் குடும்பத்தில் எதையும் போடாமல் எழுந்த இடம் என்று ஒன்று கிடையாது. ஆனால் கைக்குட்டையை எவனும் தள்ளிவிட்டு உட்காருவான். பல்லைத் தள்ளிவிட்டு உட்காரும் துணிச்சல் இன்னும் யாருக்கும் பிறக்கவில்லை. புதுச் செட்டு ஈறைக் கடித்துக்கொண்டும் இருந்தது. கழற்றினேன், கைக்குட்டையை விரித்து அதன்மேல் சிரித்த வாக்கில் வைத்தேன்.

திரும்பி வந்தபோது கைக்குட்டை இருந்தது. பல் இல்லை.

கூடங்களில் இடுப்பளவு உயரத்தில் ஓர் இயந்திரம் உருண்டுகொண்டே இருக்கும். இடம் மாறிக் கிடக்கும் காட்சிப்பொருளைக் கொண்டுபோய் உரிய பெட்டியில் வைப்பது அதன் வேலை. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆதிமனிதன் கூடத்தில், காலியாக இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில் என் பல் ஜொலித்துக்கொண்டிருந்தது. கீழே பலகையில் எழுத்து ஓடியது: "மேல்தாடை, கீழ்த்தாடை. காலம்: மிகப் பழையது. உடையவர் மிருதுவான உணவு உண்டவர். சண்டைக்காரர் அல்லர். மணமானவராக இருக்கலாம்."

ஓர் அம்மாள் தன் கணவரை இடித்தாள். "பாருங்க, அந்தக் காலத்துலயே என்ன சுத்தமா பல்லு தேய்ச்சிருக்காங்க. நீங்களும் இருக்கீங்களே!"

மச்சான் காவல்காரம்மாவை அழைத்து வந்தான். பல் இல்லாத என் பேச்சில் பாதி காற்று என்பதால் அவனே வழக்கை எடுத்துச் சொன்னான்.

"பொட்டிய எங்களால திறக்க முடியாது ஐயா," என்றார் அவர். "உங்க பொருள்னா அதோ அந்தக் கேமராவுக்கு மூஞ்சியக் காட்டுங்க. வாசல்ல பதிஞ்ச மூஞ்சியோட ஒத்துப்போச்சுன்னா அதுவே திறந்து குடுத்துரும். சீக்கிரம் காட்டுங்க. மூடுற மணி அடிச்சா பொட்டி தரைக்குள்ள இறங்கிரும். கீழ போன பொருள் மேல வந்ததா சரித்திரம் இல்ல."

காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. "இந்த முகத்தோடு இன்று யாரும் உள்ளே வரவில்லை," என்றது பெட்டி.

"அத்தான், நீங்க வரவே இல்லயாம்."

"அப்ப உன்கூட நிக்கிறது யாருடா?"

"மெஷினு பொய் சொல்லாது அத்தான்."

பல் கிடைக்க முகம் வேண்டும். முகம் கிடைக்கப் பல் வேண்டும். வெளியே போகவும் அதே முகம்தான் வேண்டும். கன்னத்தை உப்பிக் காட்டினேன். கைக்குட்டையை வாயில் அடக்கிக் காட்டினேன். "தயவுசெய்து காட்சிப்பொருளைப் பரிகாசம் செய்யாதீர்கள்," என்றது பெட்டி.

"உன் பல்லக் கழட்டிக் குடுடா, காட்டிட்டுத் தரேன்."

"இது ஒரிஜினல் அத்தான்," என்றான் மச்சான். அவன் அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

மணி அடித்தது. பெட்டி மெல்லத் தரைக்குள் இறங்க ஆரம்பித்தது. என் கண்ணுக்கு முன்னால் டம்ளர்கள் வரிசையாக வந்து நின்றன. கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று பெட்டிக்குப் பின்பக்கம் ஓடி, கண்ணாடியில் மூக்கை அழுத்தி, வாயைப் பிளந்து அழப்போனேன்.

"அத்தான், அசையாதீங்க!" என்று கத்தினான் மச்சான். "இந்தப் பக்கத்துலேருந்து பார்த்தா உங்க பல்லு உங்க வாய்லயே இருக்கு! இப்பத்தான் நீங்க நீங்களா இருக்கீங்க!"

அவன் நின்ற பக்கத்தில்தான் கேமராவும் இருந்தது. ஆனால் பெட்டி இறங்கிக்கொண்டிருந்ததே! வாயைப் பிளந்தபடி நானும் கூடவே இறங்கினேன். முட்டி இரண்டும் பழைய கதவு மாதிரிக் கத்தின. "கொஞ்சம் இடது பக்கம்! உள்ள போ, உள்ள போ!" என்று மச்சான் வழிகாட்டினான். என் மோவாய் தரையைத் தொடும் நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம் பெரியவரே. காட்சி பிடித்திருந்ததா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டி திறந்தது. பதில் சொல்வதற்கு முதலில் பல்லை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் மனைவி வாயைத் திறக்கச் சொல்லி இரண்டு வரிசையையும் பார்த்துவிட்டுத்தான் தட்டு வைத்தாள். டம்ளரில் தண்ணீர் மட்டும்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. பெட்டி பல்லைக் கொடுத்ததே தவிர, பதிவிலிருந்து எடுக்கவில்லை. சம்பந்திகளுக்கெல்லாம் சொல்லியும் விட்டது. நான் தெருவில் இறங்கினால் நாலு பக்கமும் சிவப்பு விழுகிறது: "அரிய தொன்மைப் பொருள் சாலையைக் கடக்கிறது." பேருந்து முட்டி போட்டு ஏற்றிக்கொள்கிறது. இத்தனை வருடமாக எனக்கு முன்னால் பத்தடி நடந்த என் மனைவி, இப்போதெல்லாம் என் கையை விடுவதில்லை. சிக்னலில் நிற்க வேண்டாமே.

ஒரே ஒரு குறை. எந்த ஓட்டலுக்குப் போனாலும் கதவு திறக்க மறுக்கிறது: "காட்சிப்பொருளை உணவுக்கு அருகில் கொண்டுவரக் கூடாது." அதனால் மூன்று வேளையும் வீட்டில்தான். எங்கள் வீட்டு அடுப்புக்கு மட்டும் இன்னும் அறிவு வரவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.