சந்தனம் வைத்த தோட்டா

உத்தமன் முதலாளியின் மேஜை மேல் மூன்று சாமான்கள் எப்போதும் இருக்கும். ஒரு முருகன் படம், ஒரு கறுப்பு டெலிபோன், பச்சைத் துணி விரித்து அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டிப் பிஸ்டல். டெலிபோன் மாதத்தில் பாதி நாள் செத்துக் கிடக்கும். முருகனைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதை இல்லை. பிஸ்டல் மட்டும் ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் ஒன்றரை வருஷமாக ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு, நட்டு கடைந்தெடுக்கும் பட்டறை அது. ஏழு லேத்து, இரண்டு டிரில்லிங் மிஷின், பத்தொன்பது ஆட்கள். சம்பளம் கூட்டிக் கேட்க உள்ளே போகிறவன் கண் முதலில் பச்சைத் துணி மேல் போகும், பிறகு வாய் வறண்டுவிடும். "இன்னாடா வோணும்?" என்று உத்தமன் கேட்பார். "ஒண்ணுமில்ல மொதலாளி, கட்டிங் ஆயில் தீந்துபூட்ச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வருவான். ஒரு தடவை சங்கத்து இராமகிருஷ்ணன் வாசலில் கொடி நட, கம்பும் கொடியுமாக வந்தான். உத்தமன் பிஸ்டலை எடுத்து மல் துணியால் துடைத்தார், அவ்வளவுதான். இராமகிருஷ்ணன் கொடியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

அந்தப் பிஸ்டலின் வண்டவாளம் முழுவதும் தெரிந்த ஒரே ஆள் ஃபிட்டர் துலுக்கானம்.

துலுக்கானத்துக்கு அந்தப் பட்டறையில் பதினோரு வருஷம். ஆனால் ரிஜிஸ்டரைப் பிரித்தால் அப்படி ஓர் ஆளே கிடையாது. தொடர்ந்து இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவன் பர்மனென்ட் கேட்கலாம் என்று சட்டம் இருந்தது. அதனால் இருநூற்று முப்பதாவது நாள் ரிஜிஸ்டரில் ஒரு பெயர் செத்துப்போகும். பத்து நாள் கழித்து அதே ஆள், அதே கிழிந்த காக்கிச் சட்டையில், வேறு பெயரில் பிறந்து வருவான். துலுக்கானம் இதுவரை முனியன், அய்யாசாமி, உலகநாதன் என்று பல பிறவி எடுத்தாகிவிட்டது. அந்த எண்பத்தேழாம் வருஷம் மறுபடி அய்யாசாமி. இவனைப் போல இன்னும் பதின்மூன்று பேர்.

இதெல்லாம் அவனுக்குப் பழகித்தான் இருந்தது, பெண்டாட்டி கன்னியம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்கிறவரை. ஆபரேஷன் என்றார்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் சும்மா செய்வார்கள். மூன்று பெயர்க்காரனுக்கு அட்டை ஏது? "கட்டினவன் பேரு இன்னாமான்னு கேட்டாங்கோ. எந்தப் பேரச் சொல்றதுன்னு முழிச்சிகினு நின்னேன்" என்று கன்னியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனால் அதற்குப் பிறகு சோறு தின்ன முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உத்தமன் அவனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டேய், இந்தவாட்டி ஆயுத பூஜைக்குப் பூசணிக்காயத் தரையில போட்டு ஒடைக்கப்போறதில்ல. சுட்டு ஒடைக்கப்போறேன். நம்ம சரக்க வாங்குற கம்பெனி பர்ச்சேஸ் மேனேஜர் வர்றாரு, எஸ்டேட்டே வருது. ஆனா தோட்டா ஏத்திப் பாத்தா இந்தச் சனியன் சிக்கிக்குதுடா. இத்த மட்டும் ஒய்ங்கா சுட வெச்சிட்டியானா உன்ன ஒன் சொந்தப் பேர்லயே பர்மனென்ட் பண்றேன்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உத்தமன் வெள்ளானூரில் வளைத்துப் போட்டிருந்த நிலத்துக்குப் போனார்கள். ஒரு பனைமரத்தைக் குறி வைத்தார்கள். மரத்துக்கு ஒரு சேதமும் இல்லை, அது உத்தமனின் குறி. துலுக்கானம் பார்த்தது மரத்தை அல்ல, பிஸ்டலை.

பிஸ்டல் பெல்ஜியம் சரக்கு. பெரம்பூரில் ரயில்வேயில் ரிட்டயரான ஒரு ஆங்கிலோ இந்தியத் துரையம்மாவிடம் வாங்கியது. அதோடு ஒரு அட்டைப் பெட்டியில் ஒன்பது பழைய சீமைத் தோட்டாக்களும் வந்தன. பிறகு லைசென்ஸைக் காட்டி மவுண்ட் ரோட்டுக் கடையில் வாங்கிய உள்ளூர்த் தோட்டா ஒரு பெட்டி. சீமைத் தோட்டா போட்டால் பட்டுப் பட்டென்று வெடித்துக் காலிக் கூட்டை எகிறித் துப்பியது. உள்ளூர்த் தோட்டா போட்டால் ஒன்று வெடிக்கும், அடுத்தது உள்ளே நுழையாமல் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். அல்லது சுட்ட கூடு வெளியே விழாமல், மேலே முன்னும் பின்னும் ஓடுகிற மூடியின் இடுக்கில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொள்ளும்.

துலுக்கானம் வெர்னியரை எடுத்து இரண்டையும் அளந்தான். உள்ளூர்க் குண்டின் மூக்கு ஒரு மயிரிழை மழுங்கல். மருந்திலும் வேகம் கம்மி, பின்னால் போகிற மூடி முழுசாகப் போகாமலேயே திரும்பி வந்துவிடுகிறது.

"பிஸ்டல் மேல தப்பில்ல மொதலாளி. தீனி ஒத்துக்கல. சீமத் தீனி துன்னு வளந்த ஒடம்பு. நம்மூருத் தீனி போட்டா தொண்டையில நிக்குது."

"தோட்டாவுல இன்னாடா சீமை, உள்ளூரு? ஓட்டைக்குள்ள போய் வெடிக்கவேண்டிதுதான?"

"சின்ன மிஷினு மொதலாளி. பெருசுன்னா எத்தப் போட்டாலும் முழுங்கும். சின்னது ரொம்ப பிகு பண்ணும்."

உத்தமன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். அவரும் ஐந்தடி மூன்றங்குலம்தான்.

"உள்பக்கம் கொஞ்சூண்டு தேச்சு உட்டா..."

"அரம் கிரம் எடுத்த, கைய ஒடச்சிடுவேன். பெல்ஜியம்டா."

அரம் கூடாது என்றால் வேறு வழி ஒன்றுதான். ஒன்பதில் ஐந்து வெள்ளானூர்க் காற்றில் போய்விட்டது. மிச்சமிருந்த நான்கு சீமைத் தோட்டாவையும் பூஜைக்கென்று பத்திரப்படுத்தினார்கள். துலுக்கானம் பிஸ்டலைப் பிரித்துத் துடைத்துச் சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டினான். பதினோரு வருஷமாகக் காண்டீனில் புழுத்த அரிசிச் சோறு போட்டாலும் பத்தொன்பது பேரும் சிக்காமல் ஓடுகிறார்கள், இதற்கு மட்டும் இத்தனை உபசாரமா என்று அவன் மனசு கேட்டது. மனசை அடக்கிக்கொண்டு துடைத்தான். அட்டை கிடைக்க வேண்டுமே.

ஆயுத பூஜை அன்று எஸ்டேட் முழுக்க வாழைமரமும் மாவிலையுமாக இருந்தது. லேத்துகள் குளித்து, பெயின்ட் பூசி, மாலை போட்டு நின்றன. உத்தமனின் சம்சாரம் பார்வதம் ஒரு கிண்ணி நிறைய அரைத்த சந்தனத்தோடு இறங்கினார். அந்த அம்மாளுக்குப் பக்தி என்றால் கை தாராளம். லேத்துக்கு, ஸ்பானருக்கு, தராசுக்கு, செத்துப்போன டெலிபோனுக்கு, தீயணைக்கும் மணல் வாளிக்கு என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் பிஸ்டலிடம் வந்தார்.

"இதான நெசமான ஆயுதம்" என்று, மூடி மேல் ஒன்று, கைப்பிடியில் ஒன்று, குழல் வாயை அடைத்து எட்டணா அகலத்துக்கு ஒன்று. பிறகு தட்டில் நிற்க வைத்திருந்த நான்கு தோட்டாக்களுக்கும் தனித்தனியாகச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். நான்கும் வளைகாப்புக்கு வந்த சுமங்கலிகள் மாதிரி நின்றன.

துலுக்கானம் தட்டுக்குப் பக்கத்தில் வந்தான். "அம்மா, அத்த மட்டும் லேசாத் தொடச்சிடட்டுமா?"

"பூஜையில வெச்ச பொட்ட அழிக்கிறதா? நல்ல நாளும் அதுவுமா எம் பொட்டுக்கு ஒல வெக்கிறியா?"

முதலாளி முகத்தைப் பார்த்தான். உத்தமன் கூரையைப் பார்த்தார். தாலி, பொட்டு விஷயத்தில் பேச அவருக்குத் தைரியம் இல்லை, பிஸ்டல் இருந்தும். குழல் வாயிலிருந்த சந்தனத்தை மட்டும் துலுக்கானம் ஊதுவத்திக் குச்சியால் யாரும் பார்க்காமல் நோண்டி எடுத்தான்.

பின்பக்கச் சுவரோரம், மணல் மூட்டைகளுக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டுப் பூசணிக்காயை உட்கார வைத்தார்கள். பர்ச்சேஸ் மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார். மாமூலாக வந்திருந்த ஏட்டு, இது தன் கண்ணில் பட்டால் வம்பு என்று, சுண்டல் பொட்டலத்தோடு வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். உத்தமன் பொட்டு வைத்த தோட்டாக்களைத் தன் கையாலேயே ஏற்றி, மூடியை இழுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திச் சுட்டார்.

டிக்.

ஒன்றும் இல்லை. மறுபடி மூடியை இழுத்தார். முதல் தோட்டா கீழே விழுந்தது, இரண்டாவது சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு பாதி வழியில் நின்றது. உதறினார், தட்டினார், வாயால் ஊதினார். மூக்கில் குங்குமம் ஏறித் தும்மினார்.

இரும்புச் சீவல் கூட்டும் குப்பம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "துப்பாக்கி தும்மல, மொதலாளிதான் தும்முறாரு."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் லேத்துகள் நிறுத்தியிருந்த நாள், எல்லாருக்கும் கேட்டது. ஒருவன் இருமுகிற மாதிரி சிரித்தான். அடுத்தவன் இருமல் வேஷம்கூடப் போடாமல் சிரித்தான்.

உத்தமன் வேர்த்துப்போய்த் துலுக்கானத்தைக் கூப்பிட்டுப் பிஸ்டலைக் கையில் திணித்தார். குரலை இறக்கி, "அவ பாக்காத மாறி ஒண்ணே ஒண்ணத் தொடச்சி ஏத்திக் குட்றா. சொன்ன சொல்லு சொல்லுதான். நாளைக்கே ஒம் பேரு ஏறும்" என்றார்.

துலுக்கானம் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிச் சிக்கிய தோட்டாவை எடுத்தான். வேட்டி முனையில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். சீமைத் தோட்டா, வெடிக்கும். அது அவனுக்கு வெர்னியர் அளவு மாதிரி நிச்சயம். பூசணிக்காய் உடையும். கன்னியம்மா முகம் கண்ணுக்குள் வந்தது. அதன் பின்னாலேயே அந்தப் பச்சைத் துணியும் வந்தது. இந்தச் சனியன் சிக்காமல் சுட்டுவிட்டால் நாளைக்கு மறுபடி அதன் மேல்தான் போய்ப் படுக்கும். தன் பெயரை ஏற்றுகிறேன் என்று இதே ஆள் இதற்கு முன் சொன்ன தடவைகளை எண்ணிப் பார்த்தான். முனியனிடம் ஒரு தடவை, உலகநாதனிடம் இரண்டு தடவை. பிஸ்டல் சுட்டுவிட்டால் அவரைக் கேட்க யாரால் முடியும்?

திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான். "வேணாம் மொதலாளி. அம்மா வெச்ச பொட்ட அழிச்ச பாவம் எனக்கு வேணாம்."

"பாத்தியா, அவனுக்குக்கீற அறிவு ஒனக்கு இல்ல!" என்று பார்வதம் புருஷனைப் பிடித்துக்கொண்டார்.

ராகுகாலம் நெருங்கிவிட்டது என்று ஐயர் அவசரப்படுத்தினார். குப்பம்மா பூசணிக்காயைத் தூக்கி, கற்பூரம் சுற்றி, வருஷா வருஷம் போடுகிற மாதிரியே கேட் வாசலில் போட்டு உடைத்தாள். போட்ட மாத்திரத்தில் நாலு துண்டு. ஏட்டு இப்போதுதான் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்.

போகும்போது உத்தமன் துலுக்கானத்தைப் பார்த்து, "நாளையிலேருந்து வராத" என்றார்.

வராமல் இல்லை, வந்தான். அவனோடு, பெயர் மாறிப் பிறக்கிற அந்தப் பதின்மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். அவனுக்கே அது ஆச்சரியம்தான். விஜயதசமிக்கு மிஷின் போட வேண்டிய நேரம், ஒருவனும் சுவிட்சைத் தொடவில்லை. பர்ச்சேஸ் மேனேஜருக்கு மறுநாள் சரக்கு போக வேண்டும். இராமகிருஷ்ணன் எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ, கொடியும் கம்புமாக வந்து நின்றான். இந்தத் தடவை தண்ணீர் கேட்கவில்லை.

எல்லாரும் முதலாளி அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். உத்தமன் பழக்க தோஷத்தில் பிஸ்டலை மேஜை நடுவுக்கு நகர்த்தினார். மூடி இடுக்கில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

டீத் தட்டோடு உள்ளே வந்த குப்பம்மா, "அத்தக் கொஞ்சம் ஓரமா நவுத்துங்க மொதலாளி, கெளாஸு வெக்க எடமில்ல" என்றாள்.

உத்தமன் பிஸ்டலையும், பதினான்கு முகங்களையும் பார்த்தார். பிறகு அதை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

பொழுது சாயும்வரை பேசி, ஆறு பேருக்குத்தான் பர்மனென்ட் வந்தது. எட்டுப் பேருக்குப் பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். இராமகிருஷ்ணன் அதை வெற்றி என்று சொல்லிக் கொடி நட்டான். அந்த எட்டுப் பேரும் கைதட்டவில்லை. ஆறில் துலுக்கானம் ஒருவன். அவன் இல்லாவிட்டால் இரண்டாம் நம்பர் லேத்து ஓடாது என்பதுதான் காரணம், முதலாளி கொடுத்த வாக்கு எல்லாம் இல்லை.

கிளார்க் ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். துலுக்கானம் பேனாவை வாங்கி, பழக்கத்தில் 'அய்' என்று ஆரம்பித்துவிட்டான். அதைச் சுழித்து அடித்து, பக்கத்தில் தன் பெயரை எழுதினான். நாலு எழுத்து தாண்டுவதற்குள் வேர்த்துவிட்டது.

"அடிச்சத அழிச்சி அழகா எழுதேன்பா, நல்ல ரிஜிஸ்டரு" என்றார் கிளார்க்.

"இருக்கட்டும் சார். அட்டைக்கு இது போதும்" என்றான்.