மூத்தவளுக்கு முன்பாதி

கதவைத் திறந்ததுமே பசை வாசனை அடித்தது. ஜிபார் அக்கா வீட்டில் ரொட்டி வாசனை வரும், இல்லையென்றால் நிலக்கரிப் புகை வரும். அன்று அவள் கம்பளத்தின்மேல் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் கிடந்த தடித்த நாவலின் முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஒட்டிக் காயப்போட்ட புத்தகங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஊறுகாய் ஜாடி பாரம். மறுநாள் காலை அவள் மகன் காரில் வந்து அவளைத் தலைநகர் பிஷ்கெக்குக்கு அழைத்துப் போகிறான், இனி அங்கேயேதான் இருக்கப்போகிறாள். சாமான் கட்டுவதை விட்டுவிட்டு இதைச் செய்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்ற?"

"கண்ணு தெரியலையா? ஒட்டுறேன்." நிமிராமலே சொன்னாள்.

எனக்கு வந்த கோபம் புரிய வேண்டுமென்றால், அந்தப் புத்தகங்கள் அதுவரை ஏன் இரண்டு இரண்டு பாதிகளாக இருந்தன என்று சொல்லியாக வேண்டும்.

நாங்கள் ஓரகத்திகள். அவள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள், நான் தம்பிக்கு. நான் இந்த நரின் ஊருக்கு மருமகளாக வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டில் ஒரே ஒரு புது நாவல் இருந்தது. நான் கையில் எடுத்தால்தான் அவளுக்கு மாடு கறக்க ஆள் வேண்டியிருக்கும். ஒருநாள் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றோம். மாமனார் இறைச்சி அறுக்கும் கத்தியோடு எழுந்து வந்தார். மருமகள்களோடு அதிகம் பேசுகிற ஆள் இல்லை. புத்தகத்தை வாங்கினார், சரிபாதியில் விரித்தார், முதுகோடு ஒரே இழுப்பில் அறுத்தார். விருந்தில் ஆட்டுக்கறியை மூப்புப் பார்த்துத்தானே பங்கு வைக்கிறோம், அதே கணக்குதான். முன்பாதி மூத்தவளுக்கு, பின்பாதி எனக்கு. பிறகு திரும்பிப் போய் ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்த எந்தப் புத்தகமும் முழுசாகத் தப்பவில்லை. மாமனார் போனார், அக்காவின் கணவரும் போய்விட்டார், ஒரே முற்றத்தில் எதிரெதிர் வீடுகளாகப் பிரிந்தோம். ஆனாலும் அதே கத்தி, அதே பங்கு.

முதலில் எனக்கு அழுகைதான் வந்தது. நடுவில் திறந்தால் யார் யாரென்று தெரியாது. யாரோ யாரையோ பார்த்துக் கதவைச் சாத்துகிறாள், ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை. பிறகு யோசித்தேன், நான் வந்து சேர்ந்த வீடும் அப்படித்தானே. எந்த மருமகள் முதல் பக்கத்தில் நுழைகிறாள்? சண்டைகள் பாதியில் இருக்கும், சமாதானங்களும் பாதியில் இருக்கும். வாயை மூடிக்கொண்டு தேநீர் ஊற்றி, முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். நாவலையும் அப்படியே படிக்கப் பழகினேன். பழகியபின் அதுதான் பிடித்தது. துப்பறியும் கதையில் கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டுதான் முன்பாதிக்குப் போவேன். அங்கே அவன் நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் ஜாம் கேட்பான் பாருங்கள், அந்தச் சுகம் ஒழுங்காகப் படிக்கிறவர்களுக்கு வாய்க்காது. காதல் கதையில் கல்யாணத்துக்குப் பிந்திய சலிப்பை முதலில் படித்துவிட்டு முதல் சந்திப்புக்கு வந்தால், இரண்டு பேர் மேலும் அப்படி ஒரு பாசம் வரும். சரித்திரப் புத்தகங்களில் அவளுக்குக் கோட்டை கட்டுகிறவர்கள் வந்தார்கள், எனக்கு அதை இழக்கிறவர்கள். கவிதையை மட்டும் எங்கே பிளந்தாலும் ஒன்றுதான், பூசணிக்காய் மாதிரி.

சமையல் புத்தகத்தில் சூப்பும் கறியும் அவளுக்குப் போயின, ரொட்டியும் இனிப்பும் எனக்கு. இன்றுவரை எங்கள் விசேஷங்கள் அப்படித்தான் நடக்கின்றன. வைத்தியப் புத்தகத்தில் தலையிலிருந்து வயிறு வரை அவள், அதற்குக் கீழே நான். முழங்கால் வலி வந்தபோது என்னிடம்தான் வந்தாள்.

"உன் பாதியில என்ன போட்டிருக்கு, பாருடி."

"கெழவிங்களுக்கு வரும்னு போட்டிருக்கு."

முடிவு தெரிய அவள் முற்றம் தாண்டி வருவாள், ஆரம்பம் தெரிய நான் போவேன். அந்தப் போக்குவரத்தைத்தான் அவள் பசை போட்டு அடைத்துக்கொண்டிருந்தாள். தூசி தட்டித் தருகிறேன் என்று போன வாரம் என் பாதிகளையெல்லாம் வாங்கிப் போனது இதற்குத்தான்.

"எல்லாம் உனக்குத்தான்" என்றாள். "மூத்தவன்னு இத்தன வருஷம் நானே முதல்ல தொறந்தேன். இனிமே நீ முதல் பக்கத்துல இருந்து படி."

"எல்லாம் முழுசா என்கிட்ட இருந்தா, நீ எதுக்கு எனக்குப் போன் போடுவ? மாமா அறுத்தத ஒட்டுறதுக்கு நீ யாரு?"

"போடி. நல்லது பண்ணினா நாய் மாதிரி விழுறா." பிரஷ்ஷை டப்பாவில் போட்டாள். "எனக்கு எதுக்குடி புத்தகம்? அந்த வீட்டுல யாருக்கு யாரு மேல கோபம், உப்பு எந்த அலமாரியில இருக்கு, ஒண்ணும் தெரியாது. இந்த வயசுல போயி மருமக வீட்டு நடுவுல நுழையணும். பயமா இருக்கு, தமீரா."

தொழுவத்துக்கு ஓநாய் வந்தபோது மண்வெட்டியோடு வெளியே போனவள் அவள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. மாமியார் இல்லாத வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து, அணைந்து கிடந்த அடுப்பைப் பற்றவைத்தவள். எதையும் நடுவில் தொடங்கியதே இல்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. உட்கார்ந்து, ஜாடிகளை நகர்த்தி வைத்தேன்.

காலையில் மெதேர் வந்து அம்மாவின் மூட்டைகளை ஏற்றினான். அக்கா கடைசியாகச் சந்தையில் வாங்கிய நாவல் என் ஜன்னலோரத்தில் அறுக்கப்படாமல் கிடந்தது. நான் உள்ளே போய் அதையும் கத்தியையும் எடுத்து வந்தேன்.

"சித்தி, புதுப் புத்தகம்" என்றான் மெதேர்.

"நீ வண்டியப் பாரு."

அறுத்தேன். அக்கா பழக்கத்தில் முன்பாதிக்குக் கை நீட்டினாள். அதை என் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்பாதியை அவள் கையில் வைத்தேன்.

"இது சின்னவளோடதுடி."

"அங்க நீதான் இப்ப சின்னவ. புதுசா போறவ. வாய மூடிட்டு, டீ ஊத்திட்டு, மூஞ்சிங்களப் பாரு. தன்னால பிடிபடும்."

அவள் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மெதேர் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தான்.

கார் போனதும் அடுப்போரம் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். கூச்சமாக இருந்தது. எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்கள், விருந்துக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று நலம் விசாரிப்பது மாதிரி. இவ்வளவு மரியாதை எனக்குப் பழக்கமில்லை.

போன் அடித்தது. கார் இரைச்சல். தோலோன் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"தமீரா, யாருடி இந்தக் கெழவன்? எடுத்த எடுப்புலயே குதிரைய வித்துட்டு அழுவுறான். அந்தப் பொண்ணு வேற இவன்கிட்ட மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்குறா. என்னடி ஆச்சு இவங்களுக்கு?"

நாலைந்து பக்கம் தள்ளிப் பார்த்தேன். அந்தக் கிழவன் என் பாதியில் இன்னும் சின்னப் பையனாக இருந்தான். காலில் செருப்புகூட இல்லை.

"தெரியலக்கா. அவன் இன்னும் குதிரையே வாங்கல."

அந்தப் பக்கம் அவள் சிரிக்கத் தொடங்கினாள். மலை வளைவில் இணைப்பு அறுந்தது. போனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு குதிரை வாங்கித் தர அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினேன்.